சிக்கனம் போதிப்போர் கவனத்திற்கு

சிக்கனம் சிறந்த பண்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. வரவறிந்து செலவு செய்யச் சொல்லாத அறநூல் இல்லை. வீண் விரயத்தைக் கண்டிக்காத சமயமும் இல்லை. ஆயினும், ஒரு நல்லுரை யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது அறமாகவும் அமையும், கொடுமையாகவும் மாறும். பட்டினி கிடப்பவனை அழைத்து உட்கார வைத்து நோன்பின் மாண்பை விளக்குவது போன்றதொரு காரியம் இன்று நம் மேடைகளிலும் ஏடுகளிலும் நடந்து வருகிறது. கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ, பிள்ளைகளைத் தனியொருத்தியாய் நின்று வளர்க்கும் ஏழைத் தாயைப் பார்த்து, "திட்டமிட்டுச் செலவு செய், பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போ, மாத வரவில் ஒரு பகுதியை ஒதுக்கி வை" என்று போதிக்கிறார்களே, அதைத்தான் சொல்லுகிறோம்.

இந்தப் போதனை பொன்னா, பித்தளையா என்று உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். மரக்காணத்து உப்பளக் கரையை அதற்கு எடுத்துக்கொள்வோம்.

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுவைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் அது. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய செய்தியைச் சங்கப் பாடல்கள் நமக்குத் தெரிவிக்கின்றன. அன்று உப்பு நெல்லுக்கு ஈடாக நின்றது. இன்று அதே உப்பை வாரிக் கரை சேர்ப்பவளுடைய வீட்டில் அடுப்பெரிவதே ஆண்டில் சில மாதங்கள் ஐயத்திற்கு இடமாகிவிட்டது.

உப்பு விளைவது வெயிலால். கழிநீரைப் பாத்திகளில் பாய்ச்சி, கதிரவன் சூட்டில் அது செறிந்து பூத்தபின் வாரிக் குவித்து, கூடையில் சுமந்து கரையேற்ற வேண்டும். உச்சி வெயிலில் அந்த வெண்மை கண்ணைப் பறிக்கும்; உவர்நீர் காலை அரிக்கும். ஆகவே பொழுது புலருமுன்பே அளத்தில் இறங்கியாக வேண்டும். இவ்வளவு உழைப்பும் வெயில் உள்ள மாதங்களுக்கு மட்டுமே. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கும், அளம் உறங்கும். திசம்பர் முடியும் வரை அங்கே உப்புமில்லை, கூலியுமில்லை.

இப்போது போதகர்களின் பட்டியலுக்கு வருவோம். "மாத வரவு" என்ற சொல்லிலேயே அவர்களுடைய கணக்கு பிழைபடுகிறது. மாதச் சம்பளக்காரனுக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே வரவு. உப்பளத் தொழிலாளிக்கோ வரவு ஒன்பது மாதம், வயிறு பன்னிரண்டு மாதம். வெயில் காலத்தில் மிச்சம் பிடித்து மழைக் காலத்திற்கு வைத்துக்கொள்ளலாமே என்பர். போன மழையில் வாங்கிய கடனும், முதலாளியிடம் பெற்ற முன்பணமும், கடைக்காரரின் பற்றும் கோடைக் கூலியைப் பங்கு போட்டுக்கொள்ளக் காத்து நிற்கும்போது மிச்சம் எங்கிருந்து வரும்? பற்று எழுதி வாங்குகிறவள் விலை பேச முடியாது. இன்னொரு கடையில் மலிவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது. கையில் காசுள்ளவன் மூட்டையாக வாங்கி மிச்சப்படுத்துகிறான். இவள் அன்றாடம் ஐந்துக்கும் பத்துக்கும் புளியும் மிளகாயும் வாங்குகிறாள். ஏழைக்குத்தான் எல்லாமே விலை கூடுதல். இந்த நிலையில் அவளுக்குச் சிக்கனம் சொல்லித்தர வருவது, கொல்லன் தெருவில் ஊசி விற்க வருவதுதான். எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் ஊற்றத் தெரிந்தவளுக்கு எந்தப் பொருளாதார மேதையும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

"அரசு இவ்வளவு கொடுக்கிறதே" என்று அடுத்துக் கேட்பார்கள். நன்றி மறவாமல் கணக்கெடுப்போம். 2011 சூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசிக்கு விலையில்லை. துவரம் பருப்பு கிலோ முப்பது ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் இருபத்தைந்து ரூபாய்க்கும் கிடைக்கின்றன. இந்த ஏற்பாடு இல்லையேல் கரையோரக் குடிசைகளில் பல, மழைக் காலத்தைத் தாண்டியிரா. ஆனால் அரிசி சோறாக விறகோ எரிவாயுவோ வேண்டும். சோறு உணவாகக் குழம்பு வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து வேண்டும். விலையில்லா அரிசி பட்டினியைத் தடுக்கிறது; குடும்பத்தை நடத்திவிடுவதில்லை.

ஆதரவற்ற விதவையருக்கான ஓய்வூதியம் தமிழகத்தில் 1975இல் தொடங்கியது. 2023இல் அது ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு ரூபாயாக உயர்ந்தது. அதே 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வழங்கலாயிற்று. வீட்டுப் பெண்ணின் உழைப்பை உரிமை என்று ஏற்ற அந்தச் சொல்லை நாம் வரவேற்றோம். ஆனால் அப்போது வகுத்த விதியின்படி, ஓய்வூதியம் பெறுகிறவளுக்கு உரிமைத்தொகை இல்லை. விளைவு என்ன? சம்பாதிக்கும் கணவனோடு வாழும் ஏழைப் பெண்ணுக்கு ஆயிரம்; கணவனை இழந்து பிள்ளைகளோடு நிற்பவளுக்கு ஆயிரத்து இருநூறு. ஒரு வீட்டின் பாதி வருவாய் மண்ணுக்குள் போனதற்கு நாம் கட்டிய விலை மாதம் இருநூறு ரூபாய்! இதைக் கொண்டு அவள் திட்டமிட வேண்டுமாம்.

கைவிடப்பட்டவளின் நிலை இன்னும் கொடியது. அவளுக்கென 1986இல் தொடங்கிய திட்டம் உண்டு. அதன் விதிப்படி அவளுக்கு முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். சட்டப்படி மணவிலக்கோ நீதிமன்றத்தின் பிரிவுச் சான்றோ கையில் இல்லையெனில், ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருக்க வேண்டும். இருபத்து நான்கு வயதில் கைக்குழந்தையோடு விடப்பட்டவள் என்ன செய்வாள்? குழந்தை ஐந்தாண்டு பால் குடிக்காமல் காத்திருக்குமா? ஓடிப்போனவனுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. நின்றவளுக்கு மட்டும் வயது வரம்பும் காத்திருப்புக் காலமும்.

மழைக் காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் வழங்கும் ஏற்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தது. நெடுநாள் கோரிக்கை நிறைவேறியது மகிழ்ச்சிக்குரியது. அக்டோபர் முதல் திசம்பர் வரை 92 நாட்கள். வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து ரூபாய்கூடத் தேறவில்லை. இதே கரையில் மீனவர்க்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்கான நிவாரணம் எட்டாயிரமாக உயர்த்தப்படும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. மீனவர்க்குக் கொடுப்பது மிகுதி என்று நாம் சொல்லவில்லை; அதுவும் போதாது என்றே சொல்லுவோம். கடலில் இறங்க முடியாதவனின் பசியும் அளத்தில் இறங்க முடியாதவளின் பசியும் ஒன்றே என்கிறோம். உப்பளத்துக்கான தொகை உயர வேண்டும். அது அக்டோபர் முதல் வாரத்திலேயே கைக்கு வந்து சேரவும் வேண்டும். மழை விட்டபின் வரும் குடை யாருக்கு?

உண்மையான உதவி எப்படியிருக்கும் என்பதற்கு நம்மிடையே சான்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விடியுமுன் அளத்திற்குப் போய்விடும் தாயின் பிள்ளைக்கு அது இன்னொரு தாய். அந்தத் தாய்க்கு எவரும் சிக்கனம் போதிக்கவில்லை. அவள் பட்டியலிலிருந்து ஒரு வேளைச் சுமையை இறக்கி வைத்தார்கள். ஆனால் அத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆறாம் வகுப்பில் காலடி வைத்த பிள்ளைக்குக் காலைப் பசி எடுக்காதா? பள்ளியை விட்டுப் பிள்ளைகள் வேலைக்கு நழுவத் தொடங்கும் வயதும் அதற்குப் பின்னர்தானே வருகிறது?

"கைப்பேசி வைத்திருக்கிறாளே, பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கித் தருகிறாளே" என்று முணுமுணுப்போரும் உண்டு. நாளை அளத்தில் வேலை உண்டா என்ற செய்தியும், பள்ளியிலிருந்து வரும் செய்தியும் அந்தக் கைப்பேசியில்தான் வருகின்றன. தின்பண்டமோ, தந்தையில்லாக் குழந்தை பிற குழந்தைகள் நடுவே தலைகுனியாமல் நிற்பதற்காக அத்தாய் கட்டும் வரி. ஒரு விருந்தில் பிரியாணியை அண்டா அண்டாவாக வீணாக்கும் நாமா அவளுடைய பத்து ரூபாயைத் தணிக்கை செய்வது?

அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் அது நேர்மையாகாது. நம் சமுதாயம் ஈந்து வாழ்வதற்குப் பெயர் பெற்றது. ஸகாத் என்னும் ஏழைவரியைப் பெரும்பாலோர் ரமளானில் கணக்கிட்டு ரமளானிலேயே வழங்கிவிடுகிறோம். 2025இல் ரமளான் வந்தது மார்ச்சு மாதத்தில். அளத்தில் வேலை உள்ள காலத்தில். பிறைக் கணக்கில் அது ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. நம் ரமளானும் அவர்களின் மழை மாதங்களும் சந்திக்க 2030ஆம் ஆண்டின் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டும்! ஏழைவரி கடமையாவது பொருளின் மீது ஓராண்டு நிறைவதைக் கொண்டே; ரமளான் பிறப்பதைக் கொண்டன்று. அக்டோபரில் ஆண்டுக் கணக்கை முடித்து அப்போதே வழங்கினால் யார் தடுக்கப் போகிறார்கள்? அதைப் பெறத் தகுதியுடையோரை இறைமறை எட்டு வகையாக வகுத்துள்ளது. அவ்வகையில் வாராத அண்டை வீட்டார்க்கு ஸதகா என்னும் வாயில் எந்நாளும் திறந்தே கிடக்கிறது. பசிக்குச் சாதி சமயம் கிடையாது. கரையோர ஜமாஅத்துகள் ஒவ்வொன்றும் மழை மாதங்களுக்கென்று வட்டியில்லா அழகிய கடன் நிதி ஒன்றை வைத்தால், தனித்து நிற்கும் தாய் வாரத் தவணைக்காரரின் வாசலை மிதிக்க வேண்டியிராது. ஒரு வீட்டின் கடைப் பற்றைச் சந்தடியின்றி அடைத்துவிடுவது நூறு சிக்கனச் சொற்பொழிவுகளுக்கு மேல்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்த்த மொழி நம்முடையது. நம் ஒவ்வொருவர் இலையிலும் உப்பிட்டவள் அந்த அளத்தில் நிற்கிறாள். அவளுடைய செலவுக் கணக்கில் பிழையில்லை. பல முறை கூட்டிக் கழித்துத்தான் வைத்திருக்கிறாள். வரவுப் பக்கம்தான் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தை நிரப்ப வழி சொல்லுகிறவர்கள் பேசட்டும். மற்றவர்கள் தம் போதனையிலாவது சிக்கனம் காட்டட்டும்.