உடுப்புக் கயிற்று ஆணி ஏன் உயரவில்லை?



பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் சில நேரம் நம்மைத் திணறடித்து விடுகின்றன. "மரம் எப்படி உயரமா வளருது?" என்பதும் அப்படியான ஒன்றுதான். "தண்ணி ஊத்தினா வளரும், போய்ப் படி" என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் அடுப்படிக்குத் திரும்பி விடுவோம். நான் அதைவிடவும் மோசமாக நடந்துகொண்டேன்.

எங்கள் வளவில் ஒரு மாமரம் நிற்கிறது. உடுப்புக் காயப்போடும் கயிற்றின் ஒரு முனை அதில் அடித்த ஆணியில்தான். கதவு நிலையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கும் தன் உயரக் கோடுகளைக் காட்டி, மரமும் தன்னைப் போலவா உயருகிறது என்று எட்டு வயது மகன் கேட்டான். "ஓம், அடியிலிருந்து அப்படியே எழும்பிப் போகும்" என்றேன்.

"அப்ப ஆணியும் மேல போகணுமே உம்மா? கயிறு அதே இடத்திலதானே இருக்கு?"

"பெரியாக்களோட வாய்க்கு வாய் பேசாத!" என்று அதட்டிவிட்டேன். அதன் பின் நாலைந்து நாட்களாக அவன் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னை உறுத்தியது. விஞ்ஞானம் படிப்பிக்கும் என் சாச்சியின் மகளிடம் விசாரித்தேன். சரியாகச் சொன்னவன் பிள்ளை. பிழையாகச் சொன்னவள் நான்.

பிள்ளையின் கை, கால், முதுகு எல்லாமே நீளுகின்றன. மரமோ நுனிகளில் மட்டுமே நீளுகிறது. நுனி மொட்டில் புதிய கலங்கள் உண்டாகி, பழையவற்றுக்கு மேலே சேருகின்றன. மேசன் கல்லுக்கு மேல் கல் வைத்துச் சுவர் கட்டுவது போலத்தான். கீழே வைத்த கல் எழும்பாது, ஆணியும் எழும்பாது. ஆனால் மரம் பருக்கும். பட்டைக்கு உட்புறமாக உள்ள மெல்லிய படை ஒன்று தண்டைப் பக்கவாட்டில் பெருக்கச் செய்கிறது. எங்கள் ஆணியின் பாதியை மரம் விழுங்கியிருப்பது அதனால்தான்.

தென்னையில் அந்தப் படை இல்லை. ஏறுவதற்கென்று வெட்டிய படிகள் கடைசி வரை மூடாமலே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வளரும் நுனியும் அதற்கு ஒன்றே ஒன்று, உச்சியில் குருத்துக்குள் இருக்கிறது. மாமரத்தின் நுனியை வெட்டினால் பக்கத்தில் கிளை வெடிக்கும். தென்னையிலோ வண்டு அந்த நுனியைத் தின்று தீர்த்தால் மரமே பட்டுப்போகும்.

மரம் மண்ணைத் தின்றா பெருக்கிறது? பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம். இன்றைய பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மொண்ட் என்பவர் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்து வருடங்களில் மரம் சுமார் 169 இறாத்தல் ஆகியது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்! அவர் இறந்தபின் 1648இல் இது அச்சில் வந்தது. எல்லாம் தண்ணீரால் வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதிதான் சரி. இலைகள் காற்றிலிருந்து எடுக்கும் காபனீரொட்சைட்டும் வேர் எடுக்கும் தண்ணீரும் சூரிய ஒளியின் உதவியால் சீனியாகி, அதிலிருந்தே மரம் தன் உடலைக் கட்டுகிறது. நாம் அடுப்பில் வைக்கும் விறகின் பெரும்பங்கு ஒரு காலத்தில் காற்றாக இருந்தது என்றால் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள்.

அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை யார் ஏற்றுவது? இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகும்போது, தண்டின் நுண்ணிய குழாய்களில் ஒன்றையொன்று பற்றி நிற்கும் நீர், நூல் போல மேலே இழுபடுகிறது. கலிபோர்னியாவில் சுமார் 116 மீற்றர் உயரமான செம்மரம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சி இலைக்கும் இந்த வழியில்தான் நீர் போகிறது.

வீட்டிலே காட்டிக் கொடுக்கவும் இலகுவான வழியுண்டு. இளம் பயற்றஞ்செடியின் தண்டில் அடியிலிருந்து நுனி வரை சம இடைவெளியில் மையால் புள்ளி வையுங்கள். ஒரு கிழமை கழித்து அடிமட்டத்தால் அளக்கச் சொல்லுங்கள். மேற்புள்ளிகள் விலகியிருக்கும், கீழுள்ளவை அப்படியே இருக்கும்.

நானும் மகனும் அதைத்தான் செய்தோம். "நீ சொன்னதுதான் சரி மகன், உம்மா தெரியாம ஏசிட்டன்" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் புள்ளிகளை இன்னொரு முறை அளந்தான். பின்னேரம் குசினிக் கதவடியில் வந்து நின்றான்.

"அப்ப வேர், உம்மா? அதுவும் நுனியாலயா நீளும்?"

"ஓம் மகன், நுனியாலதான்."