மில்லைத் திறந்தார்கள், படகை நிறுத்தினார்கள்!

ஏழை ஜனங்களுக்குக் கட்டுப்பாடு கிடையாது, எவ்வளவு சொன்னாலும் கூட்டம் கூடுவார்கள், அதனால்தான் நோய் பரவுகிறது. கொரோனா கொள்ளை நோய் உலகத்தை ஆட்டிப்படைத்த 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களிலும் பெரிய மனிதர்களின் வாயில் ஓயாமல் வந்த பேச்சு இது. வாசலுக்கே அரிசியும் பருப்பும் வந்து இறங்க, மாத வருமானம் குறையாமல் வர, உட்கார்ந்த இடத்திலிருந்தே உபதேசம் செய்தார்கள். நோய் தணிந்துவிட்டது, உபதேசம் தணியவில்லை. அடுத்த கொள்ளை நோய் வந்தால் இதே பழியை மறுபடியும் நம் தலையில் கட்டத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே! இந்தப் பழி உண்மையா, பொய்யா என்று உரைத்துப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. பங்களாதேஷில் பத்மா நதியின் படகுத்துறைதான் அந்த இடம். அங்கே நடந்ததை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அங்கே நசுங்கிச் செத்தவர்கள் நம்மைப் போல உழைத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் மேல் சுமத்தப்பட்டது நம் மேலும் சுமத்தப்பட்ட அதே பழி.

இந்தக் கரையில் மில், அந்தக் கரையில் வீடு

டாக்கா நகரையும் அதைச் சுற்றியுள்ள காஜிப்பூர், சவார், நாராயண்கஞ்ச் ஊர்களையும் ஆயத்த ஆடை மில்கள் சூழ்ந்திருக்கின்றன. அந்தத் தொழிலில் சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். அந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு 80-க்கு மேல் இவர்கள் விரல் தேயத் தைத்த துணியிலிருந்து வருகிறது. கொள்ளை நோய்க் காலத்தில் இவர்களுக்குச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 8,000 டக்கா. அதில் வாடகை போக, ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த குழந்தைக்கும் அனுப்ப வேண்டும்.

அந்த ஊர்களில் பல பத்மாவுக்கு அக்கரையில் இருக்கின்றன. பரிசால், பரித்பூர், மாதாரிப்பூர், குல்னா என்று தென்மேற்கு ஜில்லாக்கள் எல்லாவற்றுக்கும் நதியைக் கடந்துதான் போக வேண்டும். அந்தத் துறையில் 6.15 கிலோமீட்டர் நீளப் பாலம் திறந்தது 2022 ஜூன் 25-ந் தேதி. அதற்கு முன்பு ஷிமூலியா துறையில் ஏறி பங்களாபஜார் துறையில் இறங்க வேண்டும். லாரி, பஸ் ஏறும் அகலமான பெர்ரிக் கப்பல், ஆட்களை ஏற்றும் லாஞ்சு, அவசரக்காரனுக்கு ஸ்பீடு போட்டு. இந்த மூன்றும்தான் வழி. படகு நின்றால் தொழிலாளிக்குப் பாதை நின்றது.

வா என்றார்கள், போ என்றார்கள்

2020 மார்ச் 26 முதல் சர்க்கார் நாடு முழுவதும் பொது விடுமுறை அறிவித்தது. ரயில், பஸ், லாஞ்சு எல்லாம் நின்றன. ஏப்ரல் 5-ல் மில் திறக்கும் என்ற நினைப்பில், ஊருக்குப் போயிருந்த தொழிலாளர்கள் திரும்பிக் கிளம்பினார்கள். வராவிட்டால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். பலருக்கு மார்ச் மாதச் சம்பளம் பாக்கி என்ற நிலைமை மறு பக்கம். பஸ் இல்லாததால் நடந்தார்கள். 100 கிலோமீட்டருக்கு மேலும் நடந்தார்கள். படகுத்துறைகளில் கிடைத்த பெர்ரியில் தொற்றிக்கொண்டு கடந்தார்கள்.

வந்து சேர்ந்த பிறகு, ஏப்ரல் 4-ந் தேதி இரவில், மில் முதலாளிகள் சங்கம் மில்களை மூடியே வைக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது! கால் வீங்கி வந்தவன் காலையில் மில் கேட்டில் பூட்டைப் பார்த்தான். இப்போது திரும்பிப் போ என்றார்கள். மனிதர்களா இவர்கள், பந்தா? இந்தக் கூட்டத்தைக் கூட்டியது யார்? தொழிலாளியின் அறியாமையா? மில் திறக்கும் நாளைத் தொங்கலில் விட்டு, கடைசி ராத்திரியில் மாற்றிச் சொன்ன மகாராஜாக்களா?

விமானம் பறந்தது, லாஞ்சு கட்டிக் கிடந்தது

2021 ஏப்ரலில் நோய் மறுபடி சீறியது. ஏப்ரல் 5 முதல் வெளியூர் பஸ், ரயில், லாஞ்சு எல்லாம் நிறுத்தப்பட்டன. ஆனால் மில் ஓடியது. உள்நாட்டு விமானங்கள் ஏப்ரல் 21 முதல் பறந்தன. கடைத்தெருக்கள் ஏப்ரல் 25 முதல் திறந்தன. அதாவது, முதலாளிக்கு உற்பத்தி உண்டு. வியாபாரிக்கு விற்பனை உண்டு. பணக்காரனுக்குப் பிரயாணம் உண்டு. சுகாதார விதி முழு வேகத்தோடு பாய்ந்தது லாஞ்சின் மேல்தான். கிருமிக்கு விமானச் சீட்டு வாங்கத் தெரியாது போலும்!

மே 3-ந் தேதி காலை. தடை செய்யப்பட்டிருந்த ஸ்பீடு போட்டு ஒன்று ஷிமூலியாவிலிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு கிளம்பியது. மறு கரைக்குப் பக்கத்தில் நின்ற மணல் ஏற்றும் கப்பலில் மோதியது. 26 பேர் மாண்டார்கள். தடை போட்டவர்கள் படகை நிறுத்தவில்லை; கண்காணிப்பைத்தான் நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆள் கணக்கு எதையும் கேட்பாரில்லாத கள்ள ஓட்டமாக அதே படகு ஓடியது.

மே 14 நோன்புப் பெருநாள். தொழிலாளர்களுக்கு மூன்று நாள் விடுமுறைதான், அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. மாவட்டத்துக்குள் பஸ் ஓடலாம். எல்லை தாண்டக் கூடாது. மே 8 முதல் பகலில் பெர்ரியும் நிறுத்தம். நோயாளி வண்டிக்காகவும் அவசரச் சரக்குக்காகவும் விட்ட பெர்ரிகளில் ஜனங்கள் ஏறினார்கள். துறையில் எல்லைக் காவல் படையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜன வெள்ளம் தாங்காமல் மறுபடி பெர்ரியை ஓடவிட்டார்கள். லாஞ்சுகள் மட்டும் கட்டியபடியே கிடந்தன.

மே 12-ந் தேதி, கொதிக்கும் வெயிலில், இரண்டு பெர்ரிகளில் நெரிசலிலும் புழுக்கத்திலும் சிக்கி ஐந்து பேர் செத்தார்கள். கொரோனாவால் அல்ல, கொரோனாவின் பேரால் போட்ட உத்தரவால் செத்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர் நதியைக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது நடை ஓடினால் நடைக்கு 200 பேர். நடையை ஐந்தாகக் குறைத்தால் நடைக்கு 2,000 பேர். இடைவெளி விட்டு நில் என்று சொல்லிக்கொண்டே பத்து மடங்கு நெருக்குகிறார்கள். வாரக்கூலிக் கணக்குப் போடத் தெரிந்த எந்தத் தொழிலாளிக்கும் புரியும் இந்தக் கணக்கு, படித்த அதிகாரிகளுக்குப் புரியாமல் போனதா?

படகை நிறுத்தினால் யாரும் கிளம்ப மாட்டார்கள் என்று நினைத்தோம் என்பார்கள். எப்படிக் கிளம்பாமல் இருப்பார்கள்? வருஷத்தில் இரண்டு பெருநாளுக்குத்தான் தாய் தன் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். மில் மூடியிருக்கும் நாட்களில் நகரத்தில் அவளுக்குச் சோறு போடுவது யார்? நாலைந்து பேர் நெருக்கிப் படுக்கும் வாடகை அறைதான் நோய்க்குப் பாதுகாப்பான இடமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் லாஞ்சைக் கட்டிப்போட்டால் ஜனங்கள் நிற்க மாட்டார்கள். பெர்ரியின் விளிம்பில் தொங்குவார்கள்.

வெள்ளிக்கிழமை உத்தரவு, ஞாயிற்றுக்கிழமை வேலை

இதற்கெல்லாம் சிகரம் வைத்தது 2021 ஜூலை. நோய் உச்சத்தில் இருந்தது. நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் மடிந்துகொண்டிருந்தார்கள். ஜூலை 23 முதல் ஆகஸ்டு 5 வரை கடுமையான ஊரடங்கு. இந்தத் தடவை மில்லுக்கும் பூட்டு என்றார்கள். அதை நம்பித் தொழிலாளர்கள் ஊரில் இருந்தார்கள். ஆடை முதலாளிகள் சர்க்காரிடம் போய் நின்றார்கள். ஜூலை 30, வெள்ளிக்கிழமை, உத்தரவு வந்தது: ஆகஸ்டு 1, ஞாயிற்றுக்கிழமை முதல் ஏற்றுமதி மில்கள் ஓடலாம்!

மில்லுக்கு அனுமதி. பஸ்ஸுக்கு அனுமதி இல்லை. லாஞ்சுக்கு அனுமதி இல்லை. நடுவில் ஒரே ஒரு நாள். நதிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் எப்படி வருவான்? பறந்தா, நீந்தியா?

ஜூலை 31-ல் ஷிமூலியாவிலும் தௌலத்தியா–பாட்டூரியா துறையிலும் மனிதக் கடல். லாரியிலும் ஆட்டோவிலும் மாறி மாறி வந்து, வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்து, பெர்ரியில் தோளோடு தோள் உரச நின்று கடந்தார்கள். உலகமெல்லாம் அந்தக் கோலத்தைப் படத்தில் பார்த்தது. அன்று இரவுதான் சர்க்காருக்குப் புத்தி வந்தது: மறுநாள் நண்பகல் வரை பஸ்ஸும் லாஞ்சும் ஓடலாம் என்று அனுமதித்தார்கள். பெரும் கூட்டம் நசுங்கி வந்து சேர்ந்த பிறகு!

ஒரு நாள் முன்னதாக லாஞ்சை விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மில் திறப்பை ஐந்து நாள் தள்ளியிருந்தால் எந்தக் கப்பல் மூழ்கியிருக்கும்?

முதலாளியின் வாதம்

வெளிநாட்டு வியாபாரிக்குத் தவணைப்படி சரக்குப் போகாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், தொழிலாளிக்குத்தான் நஷ்டம் என்கிறார் முதலாளி. ஊரிலிருந்து வராதவர்களை வேலையை விட்டு நீக்க மாட்டோம் என்றும் சொன்னோமே என்கிறார்.

ஆர்டர் போகும் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. 2020-ல் மேல்நாட்டுக் கம்பெனிகள் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை ரத்து செய்தன, அல்லது நிறுத்தி வைத்தன. ஆனால் அந்த இடியைத் தாங்கியது யார்? முதலாளிக்கு 5,000 கோடி டக்கா சம்பள நிதி, வெறும் 2 சத சேவைக் கட்டணத்தில் கடனாகக் கிடைத்தது. தொழிலாளிக்குக் கிடைத்தது நடைப் பயணம். வராவிட்டால் நீக்க மாட்டோம் என்ற வாக்குறுதி பத்திரிகையில் வந்தது. வேலைக்கு வா என்ற தகவல் தொழிலாளியின் டெலிபோனில் வந்தது. வயிற்றுப்பிழைப்பு கையில் இருப்பவன் எதை நம்புவான்? பத்திரிகை அறிக்கையையா, மேஸ்திரியின் அழைப்பையா?

நமக்கு அந்நியமான கதையா?

நம் நாட்டில் 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டினார்கள். ரயில் நின்றது, தொழிலாளர்கள் தண்டவாளத்தில் நடந்தார்கள். மே 8-ந் தேதி அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அயர்ந்து தூங்கிய 16 பேர் மேல் சரக்கு ரயில் ஏறியது. ஊர் திரும்பும் வழியில் செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று அதே வருஷம் செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டபோது, கணக்கு இல்லை என்றது சர்க்கார். அங்கே நதி, இங்கே தண்டவாளம். அவ்வளவுதான் வித்தியாசம்.

சுகாதார விதி வேண்டும், யாருக்காக?

நாம் சுகாதார விதிக்கு விரோதிகள் அல்ல. முகமூடி வேண்டும், ஊசி வேண்டும், நோய் கண்டவன் தனியே இருக்க வேண்டும். காற்று இல்லாத இடத்தில் நெருங்கி நின்றால் நோய் தொற்றும் என்பது விஞ்ஞானம். விஞ்ஞானம் தொழிலாளியின் தோழன். அந்த விஞ்ஞானத்தைச் சொல்லிக்கொண்டே தொழிலாளியை நெருக்கிய உத்தரவைத்தான் எதிர்க்கிறோம்.

அடுத்த நோய் வரும். வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதற்குள் நம் சங்கங்கள் இந்தக் கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். மில்லை மூடினால் மூடிய நாளுக்குச் சம்பளம் கொடு. மில்லைத் திறக்கும் உத்தரவிலேயே பஸ்ஸும் ரயிலும் படகும் எத்தனை ஓடும் என்பதை எழுது. பூட்டுவதற்கும் திறப்பதற்கும் நாள் கணக்கில் அவகாசம் கொடு. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் நடையைக் கூட்டு, குறைக்காதே. பாதி ஆள் ஏற்றும் நஷ்டத்தைச் சர்க்கார் கொடுக்கட்டும், பிரயாணியின் தலையில் கட்டாதே. உத்தரவு எழுதும் மேஜையில் டாக்டருக்கும் அதிகாரிக்கும் பக்கத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கும் நாற்காலி போடு.

தொழிலாளிக்குக் கட்டுப்பாடு தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்: சங்கு ஊதிய நிமிஷத்தில் மில் கேட்டில் நிற்பவனுக்கும், விடிவதற்கு முன் நாற்றங்காலில் இறங்குபவளுக்கும் கட்டுப்பாட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். கட்டுப்பாடு இல்லாமல் போனது உத்தரவு போட்டவர்களிடம்தான். பத்மாவின் கரையில் செத்தவர்கள் விதியை மீறியவர்கள் அல்ல; வேலைக்கு வா என்றும் வழியில் வராதே என்றும் சொன்ன இரண்டு உத்தரவுகளுக்கு நடுவே நசுக்கப்பட்டவர்கள். அந்த இரண்டு உத்தரவுகளும் ஒரே கையெழுத்தில் இனி எந்த நாட்டிலும் வரவிடாமல் தடுப்பது, உழைக்கும் ஜனங்களின் ஒற்றுமையால்தான் முடியும்.