பழைய வீட்டுக் குளியல் அறை: முதலில் வாட்டம், பிறகு பளபளப்பு!

நம் ஊர்களில் 40, 50 வருடம் ஆன வீடுகள் ஏராளம். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் கூடத்துக்கு வண்ணம் அடிக்கிறோம். அப்புறம் வாசல் கதவுக்கு வார்னிஷ். குளியல் அறையின் முறை கடைசியில்தான் வருகிறது.

அந்த அறையின் நிலை என்ன? தரையில் பாசி. மூலையில் தேங்கிய தண்ணீர். சுவரில் உப்புப் பூத்து, தொட்டால் உதிரும் காரை. கதவின் அடிப்பக்கம் அரித்து, எலி நுழையும் அளவுக்கு ஓட்டை!

இதைச் சரி செய்யக் கடன் வாங்க வேண்டுமா? நகையை அடகு வைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பாதி வேலையை வீட்டில் உள்ளவர்களே செய்து விடலாம். ஆனால், எதற்கு முதலில் பணம் செலவிடுவது என்பதில்தான் பலர் தவறி விடுகிறார்கள்.

அவர்கள் நேராக டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள். கண்ணைப் பறிக்கும் டைல்சை வாங்கி வந்து, பழைய தரையின் மேலேயே ஒட்டி விடுகிறார்கள். சில மாதம் அழகாக இருக்கிறது. பிறகு? தண்ணீர் பழையபடி அதே மூலையில் தேங்குகிறது. சோப்பு நுரையும் சேர்ந்து கொள்கிறது. வீட்டுப் பெரியவர் வழுக்கி விழுகிறார்.

வயதானவர்களுக்கு விழுந்த வேகத்தில் இடுப்பு எலும்பு முறிந்து விடும். சிலர் மறுபடி எழுந்து நடப்பதே இல்லை. அந்த ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு குளியல் அறையை ஒழுங்காகக் கட்டி முடித்து விடலாம் அல்லவா?

ஆகவே நான் சொல்வது இதுதான்: கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு முதலில் பணத்தைப் போடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அழகு பிறகு வரட்டும்.

வாட்டம் என்றால் என்ன?

தண்ணீர் தானாக ஓடும்படி தரையில் வைக்கும் சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள். 6 அடி நீளமுள்ள அறையானால், கதவுப் பக்கத்தை விடத் தண்ணீர் போகும் ஓட்டையின் பக்கம் சுமார் ஒரு அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும்.

உங்கள் வீட்டில் வாட்டம் சரியாக இருக்கிறதா? ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் எங்கே தண்ணீர் நிற்கிறதோ, அங்கே பள்ளம்.

இன்னும் சரியாக அளக்க வேண்டுமா? கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு முனைகளையும் அறையின் இரண்டு மூலைகளில் தூக்கிப் பிடியுங்கள். இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை அளந்து பார்த்தால், எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்து விடும்.

தண்ணீர் போகும் ஓட்டையையும் பாருங்கள். பல பழைய வீடுகளில் அது நேராகச் சாக்கடையில் திறக்கிறது. நாற்றமும் கரப்பான் பூச்சியும் அந்த வழியாகத்தான் வருகின்றன. நானி டிராப் என்று கடையில் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நாற்றத்தைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

நீங்களே செய்யக்கூடியவை

பழைய தரையை உடைப்பது, இடிசலை அள்ளுவது, மணல் சலிப்பது, சுவரைச் சுரண்டுவது, கதவுக்கு வண்ணம் அடிப்பது ஆகியவற்றுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்கு முகமூடியும், காலுக்கு நல்ல செருப்பும் இல்லாமல் உளியைத் தொடாதீர்கள்.

உதிர்கிற காரையைச் செங்கல் தெரியும் வரை சுரண்டி எடுங்கள். ஈரம் காய விடுங்கள். அவசரப்பட்டு, ஊறிப் போன சுண்ணாம்புக் காரையின் மேலேயே சிமெண்டு பூசினால், உள்ளே அடைபட்ட ஈரம் புதுப் பூச்சைத் தள்ளிக் கொண்டு வந்து விடும்.

புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளத்தை 7 நாள் விடாமல் நனைக்க வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை, பொறுமைதான் செலவு. பிறகு தண்ணீர் கசியாத பூச்சு அடித்து, ஓட்டையை அடைத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். அடுத்த அறைச் சுவரில் ஈரம் தெரியவில்லையா? அதன் பிறகு டைல்ஸ் ஒட்டலாம்.

நீங்கள் செய்யக்கூடாதவை

வாட்டம் எடுக்கும் வேலையை அனுபவம் உள்ள கொத்தனாரிடம் விடுங்கள். அவர் கூலியில் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

மின்சார வேலைக்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வெந்நீர்க் கெய்சருக்கு 16 ஆம்பியர் பிளக்கும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற கருவியையும் பொருத்தச் சொல்லுங்கள். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது. இதில் சிக்கனம் கூடாது.

கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

மலத்தொட்டிக்குள் நீங்களும் இறங்கக்கூடாது; கூலிக்கு ஆள் பிடித்தும் இறக்கக்கூடாது. அங்கே உள்ள நச்சு வாயு நொடியில் உயிரைக் குடிக்கும். பாதுகாப்பு இன்றி ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இயந்திர வண்டியை வரவழையுங்கள்.

அழகு வேண்டாமா?

"இவ்வளவு செலவு செய்து விட்டுப் பார்க்க லட்சணமாக இல்லாவிட்டால் எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழகும் வேண்டும்தான். டைல்ஸ் கடைகளில் மீந்து போன டைல்ஸ் மலிவாகக் கிடைக்கும். தண்ணீர் தெறிக்கும் உயரம் வரை சுவருக்கு அது போதும். மேலே சுண்ணாம்பு அடியுங்கள். ஆனால் வழவழப்பான சுவர் டைல்சைத் தரையில் பதிக்காதீர்கள். தரைக்குச் சொரசொரப்பானது வேண்டும்.

மறக்காமல் ஒரு கைப்பிடியும் வையுங்கள். இடுப்பு உயரத்தில், செங்கல்லுக்குள் இறங்கும் ஆணியால் இறுக்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது!

பணம் தீர்ந்து விட்டதா? டைல்ஸ் அடுத்த வருடம் வரட்டும். வாட்டமும் கைப்பிடியும் எர்த்தும் இந்த வருடமே வேண்டும். கூடத்தைப் பார்க்க விருந்தாளி என்றோ ஒரு நாள் வருகிறார். குளியல் அறைக்குள் தினமும் போய் வருவது நம் வீட்டுப் பாட்டியும் பேரக் குழந்தையும் அல்லவா?