வயதின் தலையில் பழியைப் போடாதீர்கள்

 

கண்புரை என்றதும் எங்கள் ஊரில் ஒரே பதில்தான்: "வயது போனால் அப்படித்தான்." ஒருவர் விதி என்பார், இன்னொருவர் கத்ர் என்பார். விதியையும் கத்ரையும் எங்கள் அலட்சியத்துக்குச் சாட்டாக்க வேண்டாம்.

வயது முக்கிய காரணம்தான். நீரிழிவும் புகைத்தலும் அதோடு சேரும். ஆனால் வெயிலும் ஒரு காரணம் என்பதை ஏன் யாரும் பேசுவதில்லை? அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் குடாவில் தொழில் செய்த 838 பேரின் கண்களை ஆராய்ந்து 1988இல் முடிவை வெளியிட்டார்கள். வாழ்நாளில் கண்ணில் பட்ட யூவி-பி என்ற புற ஊதாக் கதிர் இருமடங்கானால், கண்வில்லையின் ஓரத்தில் தொடங்கும் புரை வரும் வாய்ப்பு 1.6 மடங்காகிறது. அது பனி கொட்டும் நாடு. நாங்கள் இருப்பதோ பூமத்திய கோட்டிலிருந்து 10 பாகைக்குள்.

"தலையில் சால்வை கட்டுகிறோமே" என்பீர்கள். சால்வை உச்சியைக் காக்கும், கண்ணுக்கு நிழல் தராது. நாங்கள் போடும் தொழுகைத் தொப்பிக்கும் விளிம்பு இல்லை. கண்ணுக்கு வேண்டியது சுற்றிவர அகன்ற விளிம்பு. பனையோலைத் தொப்பி அந்த வேலையைச் செய்யும். பனை நிற்கும் மண்ணில் அதைப் போட என்ன வெட்கம்?

வெங்காயத் தோட்டத்தில் நிற்பவர் கறுப்புக் கண்ணாடி போட்டால் "என்ன, படம் நடிக்கப் போறீரோ?" என்று நையாண்டி. மோட்டார் சைக்கிளில் போகிறவர் போட்டால் ஸ்டைல். நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்குத்தானே அது முதலில் வேண்டும்? வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கறுப்புக்குப் பின்னால் கண்மணி விரியும். புற ஊதாவைத் தடுக்காத கண்ணாடி என்றால் கதிர் இன்னும் கூட உள்ளே போகலாம். யூவி 400 உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

"ஒப்பரேஷன் இருக்குத்தானே?" இருக்கிறது. அரச வைத்தியசாலையில் இலவசம், நல்ல பலன் தரும் சிகிச்சை. தேவைப்பட்டவர்கள் பயப்படாமல் போங்கள். ஆனால் பார்வை மங்கத் தொடங்கிய நாளிலிருந்து புது வில்லை வைக்கும் நாள்வரை கூலி வேலை செய்பவர் இழக்கும் நாட்சம்பளத்தை யார் கொடுப்பது?

ஆகவே கேட்கிறோம். தோட்டத்துக்கு ஆள் பிடிப்பவர்களே, சம்பளம் பேசும்போது தொப்பியையும் பேசுங்கள். நண்பகல் வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுங்கள். சந்தையில் வெளியே இருந்து விற்பவர்களுக்குக் கூரை கேட்போம். மெய்வல்லுநர் போட்டியில் விருந்தினருக்குப் பந்தல், பிள்ளைகளுக்கு வெயில் என்ற வழக்கத்தை நிறுத்துவோம்; கண்ணில் சேரும் வெயிலின் கணக்கு பள்ளி வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பனையோலைத் தொப்பி இழைக்கத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். முதலில் அவர்களிடம் வாங்குவோம்.