புதுக் குளிசையும் பழைய விரதமும்



"ஊரிலே இருபது வருசமாக ஒரே குளிசைதான். இங்கே வந்ததும் மாற்றிப்போட்டார்கள்" என்று பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்த நம்மவர் சிலர் குறைப்படுவதுண்டு. மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது.

வைத்தியர்களின் படிப்பு பட்டத்தோடு முடிவதில்லை. இந்நாட்டில் 2012 இன் இறுதியிலிருந்து, அவர்கள் பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தமது தகுதியை மீள உறுதிப்படுத்த வேண்டும். தொடர்ந்து படித்து வருவதையும் காட்டவேண்டும். நீரிழிவில் படிக்கவேண்டிய புதிய விடயங்கள் ஏராளம். முன்பு இரத்தத்தில் சீனியைக் குறைப்பதே பெரிய நோக்கமாக இருந்தது. 2015 இல் வெளியான, 7,020 பேர் பங்குகொண்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இருதய நோயும் உள்ள நீரிழிவுக்காரரிடையே, எம்பாகிளிபுளொசின் என்ற குளிசை இருதய நோயால் வரும் மரணங்களை 38 வீதம் குறைத்தது. மேலதிகச் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் குளிசை இது. 2022 இல் இந்நாட்டு மருத்துவ வழிகாட்டியும், இருதய நோய் உள்ளவர்களுக்கு மெற்போமினோடு இவ்வகைக் குளிசையையும் சேர்க்கச் சொன்னது.

ஆனால் எவ்வளவு படித்த வைத்தியருக்கும் நம் வீட்டுக் கலண்டர் தெரியாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். இக்குளிசையை எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தத்தில் கீற்றோன் என்ற அமிலம் சேரக்கூடும். சீனி அதிகம் ஏறாமலே இது நடக்கலாம். ஆகவே மீற்றரை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கடும் களைப்பு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எடுக்கும் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கிளிபென்கிளமைட் போன்ற பழைய குளிசைகளிலோ வேறு ஆபத்து. வெறுவயிற்றில் சீனி இறங்கி, நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரும்.

எனவே விரதத்துக்குச் சில வாரம் முன்பே வைத்தியரைக் காணுங்கள். ஊர்க் குளிசை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஆங்கிலம் வராவிட்டால், நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை அதற்கு இழுக்கவேண்டாம். குளிசையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

முருகனுக்கு விரதம் இருப்பதை வைத்தியரிடம் சொல்ல வெட்கம் எதற்கு? சொன்னால்தான் அவர் படித்த படிப்பு உங்களுக்குப் பயன்படும்.