ரம்பம் தீட்டும் நேரம் வீண் நேரமா?

ஓட்டு வீட்டுக்குக் கூரை போடும் வேலை நடக்கிறது. காலை மணி 9. வாசலில் தேக்கு உத்தரங்கள் அடுக்கிக் கிடக்கின்றன.

தச்சர் வந்துவிட்டார். ஆனால் மரத்தை அவர் இன்னும் தொடவில்லை. ரம்பத்தை இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கிறார்.

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஆசாரியாரே, பொழுது ஏறுகிறதே! வேலையைத் தொடங்கக் கூடாதா?"

"இதுதானுங்க முதல் வேலை" என்கிறார் தச்சர்.

"புது ரம்பம் ஒன்று வாங்கிக்கொண்டு, இதைத் தூக்கி எறிந்தால் என்ன?"

இப்படிக் கேட்பவர்கள் பலர். ரம்பம் தீட்டும் நேரத்தைக் கூலி வீணாகும் நேரம் என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். அது தவறு. கூரை மரங்களை மூட்டும் வேலைக்கு, தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் ரம்பமே ஏற்றது. அதைத் தீட்டச் செலவாகும் அரை மணி நேரம், வீட்டுக்காரருக்கு லாபமே தவிர நஷ்டம் அல்ல.

மூட்டில் நிற்கிறது வீடு

தூணும் உத்தரமும் எப்படிச் சேருகின்றன?

தூணின் தலையில் நாக்குப் போல ஒரு பகுதியை விட்டுவிட்டு, பக்கங்களை அறுத்து எடுப்பார்கள். அந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். உத்தரத்தில் உளியால் துளை போடுவார்கள். கழுந்து துளைக்குள் இறங்க வேண்டும். கழுந்தின் இரு பக்கமும் உள்ள தோள், உத்தரத்தோடு ஒட்டி உட்கார வேண்டும்.

தோள் முழுவதும் படிந்தால் பாரம் பரவலாக இறங்கும். ஓர் ஓரம் மட்டும் படிந்தால், பாரம் எல்லாம் அந்த ஓரத்தில் விழும். நாளடைவில் மரம் நசுங்கும். மூட்டு ஆடும். ஓடு விலகும். பிறகு மழை பெய்தால் அடுப்பங்கரையில் தண்ணீர்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1750-ஆம் ஆண்டு வாக்கில் மார்த்தாண்ட வர்மா அதைப் புதுப்பித்தார். அங்கே போகிறவர்கள் மரச் சிற்பங்களைக் கண்டு வியக்கிறார்கள். அவர்கள் கொஞ்சம் தலை நிமிர்ந்து, கூரை மரங்கள் ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களையும் பார்க்க வேண்டும். தச்சரின் திறமை அங்கேயும் இருக்கிறது.

மூட்டு வேலையில் தவறு செய்தால் திருத்துவது கடினம். கோட்டை விட்டு ரம்பம் ஓடிவிட்டால், அறுத்த மரத்தை மறுபடி வளரச் செய்ய முடியுமா?

இரண்டு வகைப் பல்

ரம்பம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கக் கூடாது.

மரம் என்பது நார்களின் கட்டு. கரும்பை நீளவாக்கில் பிளப்பது எளிது. குறுக்கே நறுக்கினால் நார் சிலும்பி நிற்கும். மரமும் அப்படித்தான்.

நீளவாக்கில் அறுக்கும் ரம்பத்தின் பல், சின்னஞ்சிறு உளி போல இருக்கும். மரத்தைச் சுரண்டி எடுக்கும். குறுக்கே அறுக்கும் ரம்பத்தின் பல், கத்தி முனை போல இருக்கும். முதலில் நாரை இரு பக்கமும் வெட்டும். பிறகு துகளைத் தள்ளும்.

கழுந்தின் பக்கங்கள் நீளவாக்கில் அறுபடுகின்றன. தோள் குறுக்கே அறுபடுகிறது. ஆகவே ஒரு மூட்டுக்கே இரண்டு ரம்பம் வேண்டும்! உத்தர வேலைக்கு, 26 அங்குல நீளமுள்ள ரம்பங்கள் இரண்டு போதும். நீளவாக்கு ரம்பத்துக்கு அங்குலத்துக்கு 5 பல். குறுக்கு ரம்பத்துக்கு அங்குலத்துக்கு 8 பல். இந்த அளவு நல்லது.

ஜப்பான் தச்சர்கள் இதற்கு வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய 'ரியோபா' ரம்பத்தில் ஒரு பக்கம் உளிப் பல், மறு பக்கம் கத்திப் பல். அதைத் தள்ளி அறுப்பதில்லை, இழுத்து அறுப்பார்கள். இழுக்கும்போது தகடு மடங்காது. எனவே தகடு மெல்லியதாக இருந்தாலும் போதும்.

முதுகில் தடித்த பட்டை வைத்த சிறு ரம்பமும் உண்டு. மேசை, நாற்காலி வேலைக்கு அது மிக நல்லது. ஆனால் உத்தரத்துக்கு உதவாது. ஏன்? நாலைந்து அங்குல ஆழம் அறுக்கும்போது, முதுகுப் பட்டை மரத்தில் முட்டி நின்றுவிடும்.

எறிந்துவிடும் ரம்பம்

இப்போது கடைகளில் பல் முனை கறுத்த ரம்பங்கள் வருகின்றன. பற்களை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள். விலை மலிவு. முதல் நாள் நன்றாகவே அறுக்கும். சாதாரணப் பல்லைவிட அதிக நாள் கூர்மையும் இருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் மழுங்கிவிட்டால்? அரம் அதன்மேல் வழுக்கும், தீட்ட முடியாது. குப்பைக்குத்தான் போக வேண்டும். அதுவும் தேக்கு மரத்துக்குள் நுண்ணிய மணல் போன்ற பொருள் உண்டு. அது எந்தப் பல்லையும் சீக்கிரம் மழுங்க வைக்கும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. பற்களை இடமும் வலமுமாகச் சற்றுச் சாய்த்து வைப்பது வழக்கம். அப்போதுதான் தகடு மரத்தில் சிக்காமல் நகரும். ஈர மரத்துக்குச் சாய்வு கூட வேண்டும். காய்ந்த மரத்துக்குக் குறைவாக வேண்டும். ஒரு பக்கம் சாய்வு கூடினால் ரம்பம் அந்தப் பக்கமே ஓடும். தீட்டும் ரம்பத்தில் தச்சர் இதைத் தம் கையாலேயே சரி செய்துகொள்வார். எறியும் ரம்பத்தில் கடினமான பல்லைச் சாய்க்கப் போனால், அது உடைந்துவிடும்.

சாரப் பலகை அறுக்க எறியும் ரம்பம் போதும். வீட்டைத் தாங்கும் மூட்டுக்கு அது போதாது.

"மின்சார ரம்பம் இருக்கிறதே!" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். கையில் பிடிக்கும் சாதாரண வட்ட ரம்பம் சுமார் இரண்டரை அங்குல ஆழம் அறுக்கும். 6 அங்குல உத்தரத்தை இரு பக்கமிருந்தும் அறுத்தாலும், நடுவில் ஓர் அங்குலம் மிஞ்சும். அதை முடிக்கக் கைரம்பம்தான் வர வேண்டும்!

கடையில் பார்க்க வேண்டியவை

கடையில் ரம்பத்தின் நுனியைப் பிடித்து மெதுவாக வளைக்க வேண்டும். விட்டதும் தகடு நேராகத் திரும்ப வேண்டும். வளைவு நின்றுவிட்டால் அது வேண்டாம்.

பிடியில் மூன்று விரல் அடங்க வேண்டும். ஆள்காட்டி விரல் தகட்டின் பக்கமாக நீண்டு, வழி காட்ட வேண்டும். கை நெருங்கினாலும் ஆடினாலும் கோடு தப்பும்.

பல் வரிசையை ஒரு முனையிலிருந்து பார்த்தால், இடமும் வலமும் இரண்டு நேர்க்கோடுகள் தெரிய வேண்டும்.

பழைய ரம்பமானாலும் தாழ்வில்லை. மேலோட்டமான துரு தேய்த்தால் போகும். ஆனால் பல் ஓரத்தில் துரு குழி விழுந்திருந்தால், அதைத் தொடவே கூடாது.

பையன் என்ன கற்பான்?

கடைசியாக ஒன்று. தச்சரோடு ஒரு பையன் வேலை பழக வருகிறான். மழுங்கிய ரம்பத்தை எறிவதை மட்டும் பார்க்கும் பையன், ரம்பத்தை விலை கொடுத்து வாங்கத்தான் கற்பான். ஒவ்வொரு பல்லும் ஏன் அப்படி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாதவன் கையில் நாளை எந்தக் கூரை நேராக நிற்கும்?

தச்சரின் திறமை அரத்தில் தொடங்குகிறது. அது அவரோடு முடிந்துவிடக் கூடாது. அதற்கு வீட்டுக்காரர்களும் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும்.

வாசலில் அரத்தின் ஓசை நின்றுவிட்டது. வீட்டுக்காரர் இன்னும் முணுமுணுக்கிறார். அடுப்பங்கரையிலிருந்து அவர் மனைவியின் குரல் வருகிறது:

"மழுங்கின அரிவாள்மணையில் காய் நறுக்கிச் சாப்பாடு தாமதமானால், நீங்கள் சும்மா இருப்பீர்களா?"

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை.

தச்சர் கோட்டின்மேல் ரம்பத்தை வைக்கிறார். அழுத்தாமலே அது இறங்குகிறது.