கால்வாய் அடைத்தால் யாரிடம் சொல்வது?



சென்ற வாரம் மகளை அழைத்துப் போகப் பள்ளிக்கு வந்த ஓர் அம்மா கேட்டார்: "சார், எங்க தாமான்ல கால்வாய் அடைச்சு மூணு வாரமாச்சு. தோட்டத்தில இருந்தப்ப கிராணிகிட்டச் சொன்னாப் போதும். இங்க யாருகிட்டச் சொல்றது?"

நியாயமான கேள்விதான். தோட்டம் தனியார் நிலம். விளக்கு, தண்ணீர், குப்பை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. அதனால் ஊராட்சி மன்றம் என்று ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாமல் போயிற்று.

இலங்கைத் தேயிலை மலையில் வாழும் நம்மவர் கதையைக் கேளுங்கள். அந்தச் சிறிய தீவில் பெரிய நகரங்களுக்கு மாநகர சபை, சிறிய நகரங்களுக்கு நகர சபை, கிராமப்புறங்களுக்குப் பிரதேச சபை. பிரதேச சபைகளை அமைத்தது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. தொழிலாளர்கள் வாக்களித்தார்கள், சபையில் உறுப்பினராகவும் அமர்ந்தார்கள். ஆனால் லயத்துப் பாதைக்குக் கல் போட வழியில்லை. விடாமல் கேட்டார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது.

நம் நாட்டில் 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது; 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. இன்று மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது. தலைவரைத் தவிர 8 முதல் 24 பேர் வரை. 1988இல் மாநகரான ஈப்போவுக்கு மாநகர் மன்றம். தைப்பிங், தெலுக் இந்தான் போன்ற ஊர்களுக்கு நகராண்மைக் கழகம். தாப்பா போன்ற இடங்களுக்கு மாவட்ட மன்றம்.

அங்கே வாக்கு இருந்தது, வசதி பெற வழியில்லை. இங்கே வசதி கேட்க வழியுண்டு, வாக்கு இல்லை. வாக்கு இல்லையென்று வாயையும் மூடிக் கொள்ளலாமா?

வீட்டுக்கு வரும் மதிப்பீட்டு வரிப் பில்லை எடுத்துப் பாருங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரைக் கேளுங்கள். பில்லின் தலைப்பில் உள்ள பெயர்தான் உங்கள் மன்றம். ஆண்டுக்கு இரண்டு தவணை அந்தப் பணம் போகிறது, கேட்பது பிச்சையன்று. புகாரை எழுத்தில் கொடுங்கள். தெருப் பெயர், வீட்டு எண், தேதி மூன்றையும் எழுதுங்கள். நகல் ஒன்றில் மன்றத்தின் முத்திரை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான உறுப்பினர் யாரென்றும் அங்கேயே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

"எனக்கு மலாய் எழுத வராதே, சார்" என்றார் அந்த அம்மா.

அவர் மகள் ஆறாம் ஆண்டில் படிக்கிறாள். மறுநாள் மலாய்க் கடிதப் பயிற்சிக்கு அந்தக் கால்வாயையே தலைப்பாகக் கொடுத்தேன். பிள்ளைகள் எழுதியதில் மிக நல்ல கடிதம் அவளுடையது. கையெழுத்து மட்டும் அம்மா போட்டார்.